எலுமிச்சை நிற ஜெர்கின்

சைக்கிள் என்னுடையது. ஓட்டுகிறவள் நான். ஆனால் பெரம்பலூரில் அந்த விளையாட்டுச் சாமான் கடைக்காரர் அளவு கேட்டது என் கணவரிடம்.

"மேடத்துக்கு என்ன சைஸ் சார் வரும்?"

அவருக்கு என்ன தெரியும்? கல்யாணமாகி இத்தனை வருடத்தில் எனக்கு ஒரு நைட்டிகூட அவர் தனியாகப் போய் வாங்கியதில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் கடைக்காரரைப் பார்த்தேன். "என்கிட்ட கேளுங்க, நான் இங்கதானே நிக்கிறேன்" என்றேன். கடைக்காரர் ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு மறுபடியும் அவர் பக்கமே திரும்பி, "மீடியம் சரியா இருக்கும் சார்" என்றார். கடைக்குள் நுழைந்து இன்னும் செருப்புச் சூடுகூட ஆறவில்லை, அதற்குள் எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது.

நான் அரியலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். நாற்பதைத் தாண்டியாயிற்று. விடியற்காலையில் எழுந்து கீழப்பழுவூர் வரை சைக்கிளில் போய்த் திரும்பினால்தான் அன்றைக்கு எனக்குப் பொழுது விடிந்த மாதிரி. படிக்கிற காலத்திலும் சைக்கிளில்தான் போனேன், அப்போது யாரும் ஒன்றும் சொன்னதில்லை. பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள், போகட்டும் என்று விட்டார்கள். இப்போது பிரச்சினை என்னவென்றால் நான் எங்கேயும் போவதில்லை. வழியில் டீக்கடையில் ஒருவர் தினமும் கேட்பார், "எங்க டீச்சர், இவ்ளோ காலைல?" என்று. எங்கேயும் இல்லை, சும்மாதான் என்றால் அவர் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும். ஆண்பிள்ளை சும்மா போனால் உடற்பயிற்சி. பொம்பளை சும்மா போனால் வீட்டில் ஏதோ சண்டை.

அந்த ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியும் சிமெண்ட் லாரியும் ஓயாமல் ஓடும். எனக்குப் புத்தி சொன்னவர்கள் யாரும் அந்த லாரிகளைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. துப்பட்டாவைப் பற்றிச் சொன்னார்கள். டைட்ஸைப் பற்றிச் சொன்னார்கள். பின்னலைத் தொங்கவிட்டுக்கொண்டு போகாதே என்றார்கள். ஹெல்மெட்டுக்குள் கொண்டை அடங்காமல்தான் பின்னலாகத் தொங்கவிட்டேன் என்பதைக் கேட்க ஒருவருக்கும் பொறுமை இல்லை.

பொங்கல் லீவில் பெரம்பலூர் சைக்கிள் குழு ஊட்டிக்குப் போவதாக முடிவானது. நானும் பேர் கொடுத்தேன். குழுவில் பெண் என்று நான் ஒருத்திதான். கோத்தகிரி வழியாக ஏறி, ஊட்டியில் தங்கி, மறுநாள் விடியலில் இறங்குவது. ஏறும்போது வேர்வை கொட்டும். இறங்கும்போது மிதிக்கிற வேலை இல்லை, உடம்பு சும்மா இருக்கும், காற்று நெஞ்சில் அறையும். நனைந்த பனியனோடு அந்தக் குளிரில் இறங்கினால் விரல் விறைத்துப்போய் பிரேக்கைப் பிடிக்க முடியாது. அதனால் பஞ்சு வைத்த ஜெர்கின் இல்லாதவர்களைக் கூட்டிப்போக மாட்டோம் என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். அது நியாயமான கறார்தான், அதில் எனக்குக் குறையில்லை.

பள்ளிக்கூட இடைவேளையில் செல்போனில் வீடியோ வீடியோவாகப் பார்த்துப் படித்தேன். வாத்து இறகு வைத்த ஜெர்கின் லேசாக இருக்கும், ஆனால் நனைந்தால் எதற்கும் உதவாது. நமக்கு வேர்க்கிற வேர்வைக்குச் செயற்கைப் பஞ்சு வைத்ததுதான் சரி. உடம்போடு ஒட்டி இருக்க வேண்டும், தொளதொளவென்று இருந்தால் காற்று புகுந்து உள்ளேயே குடித்தனம் நடத்தும். இடுப்போடு நிற்க வேண்டும். சுருட்டினால் முதுகுப் பைக்குள் அடங்க வேண்டும். நிறம் கண்ணைப் பறிக்கிற நிறமாக இருக்க வேண்டும். இது ஊட்டிக்காக இல்லை, எங்கள் ரோட்டுக்காக. ஊட்டிக்குப் போக வேண்டும் என்றால் அதுவரை நான் தினமும் பயிற்சி எடுக்க வேண்டும். மார்கழிப் பனியில் முன்னால் போகிற மாடுகூடத் தெரியாத அந்த ரோட்டில், பின்னால் வருகிற லாரிக்காரருக்கு நான் தெரிய வேண்டும். நான் கேட்டது இது ஒன்றுதான்.

இதைத் தனியாகப் போய் வாங்கியிருந்தால் பத்து நிமிஷத்து வேலை. ஆனால் அது கிறிஸ்மஸ் துணி எடுக்கிற நேரம். எங்கள் பக்கத்து வேதக்கார வீடுகளில் கிறிஸ்மஸ் துணி எடுப்பது தனியாள் சமாச்சாரம் இல்லை. ஏலாக்குறிச்சியிலிருந்து என் கணவரின் அக்கா வந்துவிடுவார், நான் அண்ணி என்று கூப்பிடுவேன். எல்லோரும் ஒரே காரில் பெரம்பலூருக்குப் போவோம். ஒரு சேலை எடுத்தால் அதைக் கடை வாசலுக்குக் கொண்டுபோய் வெயிலில் பிடித்துப் பார்க்க வேண்டும், முகத்துக்குப் பக்கத்தில் வைத்து நிறம் எடுக்கிறதா என்று நாலு பேர் சொல்ல வேண்டும். அன்றைக்கு ஜவுளிக்கடை முடிந்ததும், "ஒன்னோட சைக்கிள் துணியையும் அப்டியே எடுத்துடலாம்" என்று அண்ணி சொன்னார். அப்படித்தான் எல்லோருமாக அந்த விளையாட்டுச் சாமான் கடைக்குள் நுழைந்தோம்.

முதலில் டைட்ஸ். உட்காருகிற இடத்தில் மெத்தை வைத்துத் தைத்தது, அது இல்லாமல் நீண்ட தூரம் ஓட்டினால் மறுநாள் நாற்காலியில் உட்கார முடியாது. ஆண்களுக்கு ஒரு விதமாகவும் பெண்களுக்கு ஒரு விதமாகவும் மெத்தை தைப்பார்கள், எனக்குப் பெண்களுக்கானது வேண்டும் என்று கேட்டேன். கடைக்காரர் குரல் தாழ்ந்துவிட்டது. உள்ளே போய் ஒன்றை எடுத்துவந்து, பிரித்துக்கூடக் காட்டாமல், நான் கேட்காமலே நியூஸ் பேப்பரில் சுற்றி, அதைக் கறுப்புக் கவரில் போட்டு, என் கணவர் கையில் கொடுத்தார். மெடிக்கல் ஷாப்பில் நாப்கின் வாங்கினால் சுற்றித் தருகிற அதே சுற்று. அதே கடையில் ஆண்களுக்கான டைட்ஸைப் பொம்மைக்கு மாட்டி வாசலில் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நான் பேப்பரைப் பிரித்து, டைட்ஸை உதறி, மேஜைமேல் விரித்துத் தையலைப் பார்த்தேன். என் கணவர் ரோட்டில் போகிற பஸ்ஸைப் பார்க்க ஆரம்பித்தார்.

பிறகு ஜெர்கின். எலுமிச்சை நிறத்தில் ஒன்று இருந்தது, முதுகில் வெளிச்சம் பட்டால் மின்னுகிற பட்டை வைத்தது. போட்டுப் பார்த்தேன். எனக்கென்றே வெட்டித் தைத்த மாதிரி இடுப்போடு நின்றது. அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்தபடியே உதட்டைப் பிதுக்கினார்.

"ரோடு போடுறவங்க போட்டுருக்க மாதிரி இருக்கு. அந்த மெரூனை எடுக்கச் சொல்லு. அடக்கமா இருக்கும். விடியக்காலைப் பூசைக்கும் போட்டுக்கலாம்."

"பூசைக்கு இல்ல அண்ணி. ரோட்டுல லாரிக்காரனுக்குத் தெரியணும்."

"லாரிக்காரன் பாக்கணும்னு யாராச்சும் துணி எடுப்பாங்களா? நல்லா இருக்குடி நீ சொல்றது."

கடைக்காரர் சிரித்தார். என் கணவரும் சிரித்தார், ஆனால் என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். நான் மெரூனைத் தொடவே இல்லை. எலுமிச்சை நிறத்தைப் பில் போடச் சொன்னேன். அண்ணி கார் ஏறுகிற வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். ஜெயித்துவிட்டேன் என்ற நினைப்பில் நான் வழியெல்லாம் கவரை மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

இங்கேதான் எங்கள் வீட்டு வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். எடுத்துவந்த கிறிஸ்மஸ் துணியை எல்லாம் கட்டில்மேல் பரப்பி வைப்போம். வந்து போகிறவர்கள் தொட்டுப் பார்த்து அபிப்பிராயம் சொல்வார்கள். நாலு பேருக்கு நிறம் பிடிக்கவில்லை என்றால், பில்லைத் தேடி எடுத்துக்கொண்டு கடைக்குப் போய் மாற்றிவிட்டு வருவது. விலைச் சீட்டைக் கிழிக்காமல் வைத்திருப்பதே அதற்குத்தான். உடுத்தப் போகிறவளைக் கேட்க வேண்டும் என்று சட்டம் ஒன்றும் கிடையாது. சேலை விஷயத்தில் இது எனக்குப் பழக்கம், நானும் போனால் போகிறது என்று விட்டுக்கொடுத்திருக்கிறேன். ஆனால் ஜெர்கினும் அந்தக் கட்டிலில் கிடந்தது.

அரையாண்டுப் பரீட்சை நடந்துகொண்டிருந்த சமயம். ஒரு நாள் சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்து பார்க்கிறேன், கட்டிலில் மெரூன் இருக்கிறது. அதுவும் இடுப்போடு நிற்கிறது இல்லை, தொடை வரைக்கும் வருகிற நீளக் கோட்டு மாதிரி. அளவும் ஒன்று பெரிது.

"என்ன இது?" என்று கேட்டேன்.

"மாத்தியாச்சு" என்றார் என் கணவர், டிவியைப் பார்த்தபடி. "அக்காவும் அதான் நல்லாருக்குன்னாங்கல்ல. பின்பக்கம் மறையும். தொவைச்சா சுருங்கும்னு ஒரு சைஸ் பெருசு."

செயற்கைப் பஞ்சு சுருங்காது என்று யாரிடம் போய்ச் சொல்வது? யார் மாற்றியது என்றுகூட நான் கேட்கவில்லை. அண்ணி அன்றைக்குக் காலையில் வந்துவிட்டுப் போயிருந்தார், வேறு யார்? போனைப் போட்டால் வாய்க்கு வந்தபடி பேசிவிடுவேன் என்று போடவில்லை. உள்ளுக்குள்ளேயே அவரைத் திட்டினேன். கடைக்குப் போன் செய்தால் எலுமிச்சை நிறம் போய்விட்டது, அடுத்த மாதம்தான் வரும் என்றார்கள். அடுத்த மாதம் என்றால் பொங்கலுக்கு வருமோ வராதோ. பனியோ கொட்டுகிறது, ஜெர்கின் போட்டு ஓட்டிப் பழக வேண்டிய நாளும் இதுதான். பல்லைக் கடித்துக்கொண்டு மறுநாள் அந்த மெரூனைப் போட்டுக்கொண்டு கிளம்பினேன். சைக்கிள் சீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கு இருக்கிறதே, அது மின்னுமே என்ற தைரியம்.

ஊரைத் தாண்டும் முன்பே தெரிந்துவிட்டது அது எதற்கும் லாயக்கில்லாத உடுப்பு என்று. கழுத்து வழியாகக் குளிர் இறங்கியது, முதுகில் வேர்த்தது. ஜிப்பைத் திறந்துவிட்டேன். இரண்டு பக்கமும் படபடவென்று அடித்துக்கொண்டு வந்தது. கீழப்பழுவூருக்கு இந்தப் பக்கம், வளைவு தாண்டியதும், பின்னால் லாரி சத்தம் கேட்டது. ஓரம் கட்டினேன். சத்தம் விலகவில்லை. ஹாரனும் இல்லை. சைக்கிளின் கைப்பிடியில் ஏதோ தட்டியது, அடுத்து நான் மண்ணில் கிடந்தேன். இடது தோளில் ஒரு சத்தம் கேட்டது, எனக்குள்ளேயிருந்து வந்த சத்தம் அது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், லாரிக்காரர் ஓடிப்போகவில்லை. நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார்.

"தெரியலைம்மா. சத்தியமா தெரியல. ஒரு லைட்டு இருந்தாத் தெரிஞ்சிருக்கும்."

"லைட்டு இருக்கு" என்றேன்.

அவர் திரும்பிப் பார்த்தார். விழுந்து கிடந்த சைக்கிளில் சீட்டுக்குக் கீழே சிவப்பு விளக்கு மின்னிக்கொண்டுதான் இருந்தது. அவர் அதையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. பின்பக்கம் மறைய வேண்டும் என்று எடுத்த கோட்டு, சீட்டுக்குப் பின்னால் தொங்கி, விளக்கைத்தான் மறைத்திருக்கிறது. அவருக்கு முன்னால் போனது பனியில் ஒரு மெரூன் துணி, அவ்வளவுதான்.

அதற்குள் ஆள் கூடிவிட்டது. பால் கேனோடு வண்டியில் வந்த ஒருவர் இறங்கினார். என்ன செய்தார் தெரியுமா? தோளில் இருந்த துண்டை எடுத்து உதறி, என் காலை மூடினார். எனக்குக் காலில் ஒன்றுமில்லை, டைட்ஸ்கூடக் கிழியவில்லை. தோள்பட்டைதான் ஒரு பக்கமாகத் தொங்கிக்கொண்டிருந்தது. அதைப் பார்க்கும் முன் அவருக்குக் கால் தெரிந்துவிட்டது. அடுத்து வந்தவர் "யாரு வூட்டும்மா?" என்றார். அதற்கடுத்தவர் "இந்நேரத்துல இந்த உடுப்புல எங்க போறாங்க?" என்று பக்கத்து ஆளிடம் கேட்டார். அடிபட்டுக் கிடக்கிறவளுக்குக் காது கேட்காது என்று நினைத்துவிட்டார்கள் போல. தண்ணீர் வேண்டுமா என்று கேட்டது அந்த லாரிக்காரர் மட்டும்தான், அதுவும் கேட்கும்போதே அழுதுவிட்டார்.

காறை எலும்பு முறிந்திருந்தது. பொங்கல் முடிகிற வரை கையைக் கழுத்தோடு தொட்டில் கட்டிப் போட்டு வைக்க வேண்டும், சைக்கிளைத் தொடவே கூடாது என்றார் டாக்டர். ஊட்டி போயிற்று. குழுவில் சொன்னேன், எல்லோரும் வருத்தப்பட்டு ஆளுக்கொரு பூச்செண்டுப் படம் அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்தது ஒரு பெரிய கூத்து. ஆரஞ்சும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு சொந்தக்காரர்கள் வந்தார்கள். ஒவ்வொருவரும் உட்கார்ந்து, மூச்சு வாங்கி, கொஞ்சம் பொறுத்து, அந்தக் கேள்விக்கு வந்தார்கள். அன்னைக்கு என்ன உடுப்பு போட்டிருந்த? பள்ளிக்கூடத்தில் கூட வேலை பார்க்கிற டீச்சர் ஒருத்தி, படித்தவள், அறிவியல் நடத்துகிறவள், அவளும் அதைத்தான் கேட்டாள். லாரி எந்தப் பக்கம் வந்தது, ஏன் ஹாரன் அடிக்கவில்லை, அந்த ரோட்டில் ஓரம் என்று ஒன்று இருக்கிறதா என்று கேட்க ஒரு ஆள் இல்லை. கடைசியில் வருகிறவர்களிடம் நானே முந்திக்கொண்டு, "உடுப்பு அடக்கமாத்தான் இருந்துச்சு, அதனாலதான் அடிபட்டேன்" என்று சொல்ல ஆரம்பித்தேன். அவர்களுக்கு விளங்கவில்லை. மாத்திரையின் மயக்கம் என்று நினைத்திருப்பார்கள்.

கிறிஸ்மஸ் முடிந்து அண்ணி வந்தார். கையில் கேக்கும் கலகலாப் பலகாரமும். வந்ததும் வராததுமாக, "நான் அப்பவே சொன்னேன், இந்தச் சைக்கிள் எல்லாம் நமக்கு எதுக்குன்னு" என்றார். நான் அடக்கிவைத்திருந்தது எல்லாம் வெளியே வந்துவிட்டது.

"நீங்க சொன்னதோட நின்னுருந்தா நான் இப்டிக் கெடக்க மாட்டேன் அண்ணி. எடுத்த துணியை எதுக்கு மாத்துனீங்க? அந்தக் கோட்டுதான் லைட்டை மறைச்சுச்சு. அந்த மஞ்சளைப் போட்டுருந்தா அந்த ஆளுக்கு நான் தெரிஞ்சிருப்பேன்."

அண்ணி கேக்கை டீப்பாய்மேல் வைத்தார். அவருக்கு அழுத்தமான முகம், சட்டென்று கோபம் தெரியாது.

"நான் மாத்துனனா? யாரு சொன்னா?"

"மாத்தியாச்சுன்னு இவருதான் சொன்னாரு."

"எனக்கு வாய் நீளம்தான். பிடிக்கலன்னா மூஞ்சிக்கு நேரா சொல்லிப்புடுவேன். உனக்குத் தெரியாம உன் துணியைத் தூக்கிட்டுப் போயி மாத்துற வேலை எனக்கு எதுக்கும்மா? அன்னைக்கு நான் வந்தப்ப அந்த மஞ்சத் துணி இந்தக் கட்டில்லதான் கெடந்துச்சு."

சொல்லிவிட்டுத் தன் தம்பியைப் பார்த்தார். நானும் பார்த்தேன். என் கணவர் நிலைப்படியில் சாய்ந்து நின்றார். விபத்து நடந்த நாளிலிருந்து எனக்குத் தலை வாரிவிட்டதும், சோறு பிசைந்து கொடுத்ததும் அவர்தான். நல்ல மனுஷன், பாவம், அக்காவுக்குப் பயந்தவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன்.

"நீங்களா?" என்றேன்.

அண்ணி எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார்.

"ஆபீஸ்ல பேசுறாங்க" என்றார் என் கணவர். "காலைல உங்க வூட்டம்மாவைப் பாத்தேன், காலைல உங்க வூட்டம்மாவைப் பாத்தேன்னு தெனம் ஒருத்தன். சிரிச்சுக்கிட்டே சொல்றான். அந்தக் கலரைப் போட்டுக்கிட்டுப் போனா ரோட்டுல அந்தாண்ட வரும்போதே நீதான்னு தெரிஞ்சிரும். அதான், கொஞ்சம் தெரியாத கலரா, கொஞ்சம் நீளமா இருந்தா யாருன்னு..."

முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

எனக்கு அழுகை வரவில்லை. உடம்பெல்லாம் எரிந்தது. கடைக்காரர் பேப்பரில் சுற்றினார், அவர் யாரோ. பால்காரர் துண்டால் மூடினார், அவரும் யாரோ. இவர் என்னோடு ஒரே தட்டில் சாப்பிட்டவர். நான் தெரிய வேண்டும் என்று மட்டும்தான் கேட்டேன். அதைத் தெரிந்துகொண்டே, நான் தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்து ஒன்றை எடுத்து வந்திருக்கிறார். எடுத்துவந்தது நன்றாகவே வேலை செய்தது. யாருக்கும் தெரியாமல் போனேன்.

"அந்த மஞ்சளைப் போய் வாங்கிட்டு வாங்க" என்றேன்.

"இப்பவா? கையே சரியாகல. ஊட்டியும் இல்லைன்னு ஆயிருச்சு."

"ஊட்டிக்கு இல்ல. கை சரியானதும் நான் கீழப்பழுவூர் போகணும்."

"அது இன்னும் வரலைன்னாங்களே."

"வந்துருச்சான்னு கேளுங்க. இல்லைன்னா வேற கடையில பாருங்க. வாங்கி, பேப்பர்ல சுத்த வேணாம்னு சொல்லி, அதைப் போட்டுக்கிட்டே வூட்டுக்கு வாங்க."

அவர் என்னைப் பார்த்தார். நான் சிரிக்கவில்லை. ஆணியில் மாட்டியிருந்த வண்டிச் சாவியை எடுத்தார், வாசல் வரை போனார், திரும்பி நின்றார்.

"அது லேடீஸ் ஜெர்கின். எல்லாரும் பாப்பாங்க" என்றார்.

"பாக்கட்டும்" என்றேன். "பாத்தா வெலகிப் போவாங்க."